அத்தையின் கால்வாய்

சூயஸ் கால்வாயை வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் பாதி வகுப்பு அதை ஆறு மாதிரி வளைத்து வளைத்து வரைந்துவிடும். "அது தானாக ஓடி வந்ததில்லை, மனுஷன் வெட்டினது, ஸ்கேலை வைத்துக் கோடு போடு" என்று வருஷா வருஷம் கத்துவேன். செகந்திராபாத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பூகோள டீச்சர். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கிற கால்வாய், வெட்டி முடிக்கப் பத்து வருஷம் ஆனது, இரண்டு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்பதால் நடுவில் கதவு போட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்கும் வேலையெல்லாம் கிடையாது, அது இல்லாவிட்டால் ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வர ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். பிள்ளைகள் ஜன்னல் வழியே ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அது வெறும் பரீட்சைக் கேள்வியாகத்தான் இருந்தது, அதை மூடி என் கல்யாணத்தை நிறுத்துகிறவரைக்கும்.

அது அறுபத்தேழாம் வருஷம். எனக்கு வயது இருபத்தாறு. எங்கள் தமிழ்ச் சபையில் அந்த வயதில் கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்தால் எல்லோருக்கும் உடனே ஜெபம் பண்ணத் தோன்றிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஏற்ற துணையை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் மகளை வளர்ப்பதற்காகவே அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். அத்தை அதை மறுத்ததில்லை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதனால் அவள் எதைச் சொன்னாலும் முதலில் சண்டை போட்டுவிட்டு, பிறகு அதையே செய்வேன்.

மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அத்தைதான்.

"பையனுக்குப் பாளையங்கோட்டை. சனத்நகர்ல கவர்மெண்டு பேக்டரியில வேலை. குடி கிடி ஒண்ணும் கிடையாது. கோவில்ல பாட்டுப் பாடயில குனிஞ்சு முனங்காம, தலையத் தூக்கிப் பாடுதான். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வோம்.

"பாடுறான்னு கட்டிக்கணுமா?"

"பாடாதவனக் கட்டி நீ என்னட்டி செய்யப் போற?"

அவர் பெண் பார்க்க வந்த அன்று, காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதுமே அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஜெர்மனியிலிருந்து, இரும்பைக் குடைந்து துளை போடுகிற ஒரு பெரிய போரிங் மெஷின் வருகிறது. அதை ஓட்டுவதற்காகச் சில பேரை எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் டெம்பரரி. மெஷின் வந்து இறங்கி ஓட ஆரம்பித்தால்தான் பெர்மனென்ட். "கப்பல் கிளம்பிட்டாம். வந்து சேரட்டும், அதுக்கப்புறம் வெச்சிக்கலாம். அரைகுறை வேலையில ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து நிறுத்தக்கூடாதுன்னு நினைக்கேன்" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் தன் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தோம். அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு அது நீளமான பேச்சு.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீங்க பூகோளம்தானே சொல்லித்தாரீங்க? ஹாம்பர்க் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பாடச் சொல்வார், தையல் தெரியுமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவள், எழுந்து போய் அட்லஸை எடுத்துவந்து கூடத்து மேஜையில் விரித்தேன். அவர் விரலை வைத்துக் கப்பலைக் கிளப்பினார். நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் கறுப்பு. ஜிப்ரால்டரைத் தாண்டி, மத்தியதரைக் கடல் முழுவதும் நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தவர், கால்வாயில் வந்ததும் விரலைத் தூக்கிவிட்டார். விரலை வைத்தால் அந்த இடமே தெரியவில்லை.

"இந்த இடம் ரொம்ப ஒடுக்கமா இருக்கே" என்றார்.

"ஒடுக்கம்தான். ஆனா கப்பல் போகும்" என்றேன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒருவேளை அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டதனாலாக இருக்கும். அன்றைக்கு இரவு சமைத்த குழம்பில் உப்பே போடவில்லை. அத்தை ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்தாள்.

அடுத்த மாதமே அங்கே யுத்தம் வந்து கால்வாயை மூடிவிட்டார்கள். மெஷினை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் அப்போது மத்தியதரைக் கடலில் இருந்ததாம். திரும்பிப் போய், ஜிப்ரால்டர் வழியே வெளியே வந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் என்றார்கள். நடுவில் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று கம்பெனியிலேயே யாருக்கும் தெரியவில்லை. சரக்கை வழியில் இறக்கிவிட்டார்கள் என்று ஒரு வாரம் பேசுவார்கள், இல்லை என்று மறுவாரம் பேசுவார்கள். வகுப்பில் நன்னம்பிக்கை முனை என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைத் துடைப்பேன். அந்த முனைக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்களுக்குக் கல்யாண வயதில் பெண் இருந்திருக்காது.

கொஞ்ச நாளில் அவரிடமிருந்து அத்தை மூலமாகச் செய்தி வந்தது. "எவ்வளவு நாளாகும்னு தெரியல, அவங்களுக்கு வேற நல்ல இடம் வந்தா பாக்கச் சொல்லுங்க, எனக்காக நிக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

"என்னை என்ன பார்சல்னு நினைச்சாரா? ஒரு கப்பல் இல்லேன்னா இன்னொரு கப்பல்ல ஏத்திவிட?" என்று கத்தினேன். அத்தை யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சிக்குள் விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

வேறு இடமும் வந்து சேர்ந்தது. போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அந்த அம்மா போலாரத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், நிரந்தர உத்தியோகம், சொந்த வீடு. அந்த 'நிரந்தர' என்ற வார்த்தையை ஐயரம்மா ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொன்னார். அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அப்பா ஒரு விஷயத்தை யோசிக்கிறேன் என்று சொன்னால் பாதி சம்மதம் என்று அர்த்தம். எனக்கு அந்தப் போலாரத்துக்காரர் மேல் ஒரு கோபமும் இல்லை. பாவம், நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அட்லஸில் விரல் வைத்த மனுஷன்தான் வேண்டும். அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

"கால்வாய் தெறந்தா சரியாப் போகும்லா?" என்றாள்.

"திறந்தாத்தானே?"

"தெறக்கும், தெறக்கும்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஹைதராபாத்தில் கால்வாய் என்று யார் சொன்னாலும் அது ஒரே கால்வாய்தான். நல்கொண்டா பக்கம் கிருஷ்ணா மேல் நாகார்ஜுனசாகர் அணையைப் பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலைக்கு ஆள் போகாத தெருவே கிடையாது. பால்காரனின் தம்பி அங்கே மண் சுமந்தான், பக்கத்துவீட்டு ஓவர்சியர் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். ஆகஸ்டு மாதம் அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ரேடியோவில் தெலுங்குச் செய்தியில் வாய்க்கு வாய் 'காலுவ', 'காலுவ' என்றார்கள். தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வழக்கம்போலப் பெண்கள் பக்கத்தில் அத்தைக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். ஐயர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தார். வாலிபர் கூட்டம், காணிக்கை, கூரை பழுது. பிறகு கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு ஓலை வாசிக்க ஆரம்பித்தார். எங்களில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் மூன்று ஞாயிறு சபையார் முன் அதை வாசிக்க வேண்டும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். யாருக்கோ என்று நான் அசட்டையாக இருந்தேன். பாளையங்கோட்டை என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்தேன். அப்பா பெயர் வந்தது. அதற்கடுத்தாற்போல் என் பெயர் வந்தது. "இது முதலாம் ஓலை" என்று ஐயர் முடித்தார்.

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று அத்தையின் முழங்கையைப் பிடித்து நெரித்தேன்.

"கால்வாய் தெறந்தாச்சுல்லா? ரேடியோவுல சொன்னானே" என்றாள் அத்தை, நேரே பார்த்தபடி. "இனி ஓலை வாசிக்கலாம்னு ஐயர்ட்ட நேத்தே சொல்லிட்டேன். பாட்டப் பாடு."

வீட்டுக்கு வந்ததும் அட்லஸை எடுத்து அவள் மடியிலேயே போட்டேன். எகிப்து எங்கே இருக்கிறது, நல்கொண்டா எங்கே இருக்கிறது என்று காட்டிக் காட்டிக் கத்தினேன். அவள் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"எனக்கு இந்தப் படமெல்லாம் நக்கோ, வேண்டாம். கால்வாய்னா கால்வாய். தண்ணி விட்டாச்சு, இனி கப்பல் வந்துரும்."

"கிருஷ்ணா ஆத்துலயா ஜெர்மன் கப்பல் வரும்?"

"வந்தா வேண்டாம்பியா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐயரிடம் போய் அத்தை தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நிறுத்திவிடலாம். ஆனால் ஓலை வாசித்து நின்றுபோன கல்யாணம் என்ற பெயர் ஒரு பெண்ணைச் சாகும்வரை விடாது. நிறுத்தாமல் விட்டாலோ, வேண்டாம் என்று சொல்லியனுப்பிய மனுஷனைச் சபை முன்னால் கட்டிப்போட்டது போலாகும். அவர் அன்று ஓவர்டைம், கோவிலுக்கு வரவில்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "இந்த அத்தைக்கு மூளையே இல்லப்பா" என்று அப்பாவிடம் போய் நின்றேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "அவள ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"ஏன்? பண்ணினது சரியா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

அன்று சாயங்காலம் ஐயரம்மா வீடு தேடி வந்து கேட்டபோது அப்பா, "ஓலை வாசிச்சாச்சே அம்மா, போலாரத்துல சொல்லிருங்க" என்றார். அப்பா அவ்வளவு சுலபமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிச் சனத்நகர் போனேன். வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தொழிற்சாலைக் கேட்டில் வாட்ச்மேன், "கோன் ஹோனா, அம்மா?" என்று கேட்டான். யார் வேண்டும் என்று கேட்கிறான். பெயரைச் சொன்னேன். நீ யார் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. நல்லவேளை, கேட்கவில்லை.

அவர் நீல உடுப்போடு, கையைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். கேட் ஓரமாக நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "சாகர் கால்வாய்லயா?" என்று கேட்டுவிட்டு, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

"உள்ள ஷெட்ல மெஷினுக்குக் குழி வெட்டி, போல்ட்டெல்லாம் நட்டு வெச்சிருக்கு" என்றார். "இப்ப மழைத்தண்ணி நிக்கி. தவளை கத்துது. தினம் அதைத்தான் பாத்துட்டு வீட்டுக்குப் போறேன். அந்தக் குழிய நம்பி உங்களை எப்படிக் கூப்பிட?"

நான் வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை. வாய்க்கு வந்தது பாடம்தான்.

"அந்தக் கால்வாய் இப்போதைக்குத் திறக்காது. உள்ளேயே கப்பல்களை மூழ்கடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு கரையிலயும் பட்டாளம் நிக்குது. உங்க கப்பல் சுத்தித்தான் வரும். கால்வாய் வெட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் சுத்தித்தான் வந்தாங்க. யாரும் வராம இருந்துடல."

"லேட்டாகுமே."

"ஆகட்டும். காத்திருக்கத்தானே வேணும்? ஒரே வீட்டுல இருந்து காத்திருக்கலாம். நீங்க சனத்நகர்லயும் நான் செகந்திராபாத்லயும் தனித்தனியா எதுக்குக் காத்திருக்கணும்?"

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, சொன்னதும் முகமெல்லாம் எரிந்தது. அவர் கையில் இருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு வாரேன்" என்றார். அவ்வளவுதான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தடை ஏதாச்சும் இருந்தா அங்கேயே சொல்லிடுங்க, ஐயர் கேப்பார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.

அந்த வாரம் முழுவதும் நான் பாடம் நடத்தவில்லை, எழுத்து வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சபையில் அதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று பேச்சு பரவியிருந்தது. அத்தை எதையும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆண்கள் பக்கத்தில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டின்போது வழக்கம்போலத் தலையைத் தூக்கிப் பாடினார். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐயர் இரண்டாம் ஓலையை வாசித்து, தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்ற நிச்சயத்தோடு அடுத்த தாளைப் புரட்டினார்.

அவர் எழுந்து நின்றார்.

பெஞ்சு கிறீச்சிட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பக்கத்தில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிறவள் மாதிரிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"தடை ஒண்ணுமில்ல, ஐயரே" என்றார் அவர். "ஆனா சபையில தெரிஞ்சிக்கட்டும். எனக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகல. எந்தக் கால்வாயும் தெறக்கல. எப்ப ஆகும்னும் தெரியாது. பொண்ணு அது தெரிஞ்சேதான் சம்மதிச்சிருக்கு. எனக்கும் சம்மதம்."

ஐயருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் ஓலை வாசித்தவரிடம் யாரும் எழுந்து நின்று சம்மதம் சொன்னதில்லை போலிருக்கிறது. "அது தடையாகாது தம்பி, உட்காரும்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ இருமினார்கள். எனக்கு இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து சேலையில் விழுந்தது. துடைக்கலாம் என்றால் ஒரு கை அத்தையிடம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள். தன் முட்டாள்தனம் சபை முன்னால் தெரிந்துபோனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு அத்தை என்னோடு வந்து உட்காரவில்லை. உள்ளே காற்று வரவில்லை என்று வாசலில் நின்றுகொண்டாள். யூனிஃபார்மோடு வந்திருந்தாள். ஐயர் "இது மூன்றாம் ஓலை" என்று சொல்லி முடித்ததும் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் கழித்துக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தது. மெஷின் ரயிலில் வந்தது. குழியிலிருந்த தண்ணீரை இறைத்து, தவளைகளை விரட்டி, அதை உட்கார வைத்தார்கள். அது ஓடத் தொடங்கவும், பெர்மனென்ட் ஆர்டர் வரவும் இன்னும் எத்தனையோ இழுபறி. அதுவரை காத்திருந்தோம், ஒரே வீட்டில், சனத்நகரில் ஒற்றை அறையில். அந்த நாட்களைப் பற்றி இவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நான் நிறையக் குறைப்பட்டிருக்கிறேன், ஆனால் மறுபடி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சாகர் கால்வாயில் ஜெர்மன் கப்பலை வரவைத்த கதை எங்கள் வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. விருந்தாளி யார் வந்தாலும் நான் சொல்லுவேன், அத்தையைப் போலவே பேசிக் காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் கூட இருந்து சிரிப்பாள். "நான் படிக்காதவ, எனக்கென்ன தெரியும்" என்பாள். நர்ஸ் படிப்புப் படித்தவள்.

பிறகு இவர் காஞ்சன்பாக்கில் ஒரு கம்பெனிக்கு மாறினார். அவ்வளவு காத்திருந்து கிடைத்த மெஷினை விட்டுவிட்டு வந்ததற்கு நான்தான் கேலி செய்தேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்பா காலமாகியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அத்தை எங்களோடு வந்து இருந்தாள். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, நாங்கள் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் ஒரு காலை, இவர் பேப்பரைத் தட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தார். எட்டு வருஷம் கழித்து சூயஸ் கால்வாயைத் திறந்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இப்பத்தான் நிஜமாவே திறந்திருக்காங்க. ஓலை வாசிக்கச் சொல்லலாமா?" என்றேன்.

இவர் சிரித்தார். மகள், "சாகர்லோனா?" என்று கேட்டாள். சாகரிலா என்கிறாள், அவளுக்கும் கதை மனப்பாடம். நாங்கள் மறுபடி சிரித்தோம். அத்தை அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அதுல கப்பல் போகயில தூரத்துல இருந்து பாத்தா தண்ணி தெரியாதாம்" என்றாள். "ரெண்டு பக்கமும் மணலாம். மணல்ல கப்பல் நடந்து போற மாதிரி இருக்குமாம்."

நான் அதை எந்தப் பாடத்திலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. "யாரு சொன்னா?" என்றேன்.

"அவிய சொன்னாவ."

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை. இவர் பேப்பரை மடித்தார்.

அத்தை காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். யுத்த காலத்தில், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால், அவளுக்கு ஒருவரைப் பேசியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கப்பலில் கம்பவுண்டர். அந்தக் கால்வாய் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தவர். லீவில் வந்திருந்தபோது இதே செகந்திராபாத்தில், அப்போது அவர்கள் போய்க்கொண்டிருந்த வேறொரு கோவிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஓலை ஆனது. அதற்குள் உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்துவிட்டது.

"மூணாவதையும் சேத்து வாசிச்சு அன்னைக்கே கட்டிவைக்கேன்னாரு அப்ப இருந்த ஐயர். அவியதான், சண்ட முடியட்டும், நிம்மதியா வந்து கட்டிக்கிடுதேன், அவ அதுவரைக்கும் எதுக்கு என் பேரச் சொமக்கணும்னாவ. நானும் சரின்னுட்டேன். போனாவ. வரல."

அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை. அவளை ஒன்றும் சொல்லாதே என்று அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றேன். "அன்னைக்கே எந்தக் கால்வாய்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன?" அத்தை உரித்த காயை முறத்தில் போட்டாள். "உன் மாப்பிள்ளையும் அதையேதான சொல்லி அனுப்பினாரு, எனக்காக நிக்க வேண்டாம்னு. எனக்குப் பயமாப் போச்சு. படிச்சவளாப் போய்ச் சொன்னா ஐயர் கேள்வி கேப்பாரு. ஒண்ணும் தெரியாதவ மாதிரி போய்ச் சொன்னா வாசிச்சிருவாரு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், அந்த மூன்றாவது ஞாயிறு ஏன் வாசலிலேயே நின்றாய் என்று கேட்டேன்.

"மூணாவது ஓலை வாசிக்கயில நான் யாருக்கும் கோவிலுக்குள்ள இருந்ததில்லட்டி. அன்னைக்குன்னு டியூட்டி போட்டுக்கிடுவேன்" என்றாள். "உன்னுத மட்டுந்தான் கேட்டேன்."